பிளேடுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் போன் செய்தீர்கள். "உடம்புக்கு ஏதாவது...?" என்று இழுத்தீர்கள்.

எனக்கு ஒன்றுமில்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய்ப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். இன்னொருவருக்காக. திரும்பி வந்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இந்த வாரமும் ஓடவில்லைதான். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

விஷயம் எங்கள் வீட்டு பாத்ரூமில் ஆரம்பித்தது.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வயதாகிவிட்டது. பாத்ரூம் தரை வழுக்குகிறது. ஒரு நாள் என் கணவர் சறுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பித்தார். குழாய் தப்பிக்கவில்லை. சரி, டைல்ஸையே மாற்றிவிடலாம், கையோடு சமையலறை மேடைக்கும் கிரானைட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பக்கத்து வீட்டு நஸீமா பாஜிதான் மேஸ்திரியைச் சொன்னார். "சேகர்னு ஒருத்தர் இருக்காரு. வேலை நல்லா இருக்கும். ஆனா புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியாதான் வருவாங்க. அந்தப் பொண்ணு கொஞ்சம் பேஜாரு... சண்டை போடும்."

சண்டை போடுகிற பெண் என்றால் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். வரச் சொன்னேன்.

சேகருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டை அவரைவிடப் பெரியதாக இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறி வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்ப்பது போல நின்றார். "வியூ நல்லா இருக்கு மேடம்" என்றார். எங்கள் மாடியிலிருந்து தெரிவது தோல் பதனிடும் ஷெட்டின் தகரக் கூரையும், அதற்கு அப்பால் நெடுஞ்சாலையும். இதில் என்ன வியூ? மனிதர் மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பின்னாலேயே கனமான கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கலா. அவர் மனைவி.

டைல்ஸ் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வட்டமான ஒரு பிளேடு. சுவிட்சைப் போட்டால் தெருவே காதைப் பொத்திக்கொள்கிற சத்தம். சேகர் குந்தி உட்கார்ந்து, பென்சில் கோட்டின் மேல் மெஷினை மெதுவாக நகர்த்துவார். எதிரே கலா. மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, பிளேடு டைலைத் தொடுகிற இடத்திலேயே ஊற்றிக்கொண்டு வருவாள். மெஷின் நகர்ந்தால் பாட்டிலும் நகரும். மெஷின் நின்றால் பாட்டிலும் நிமிரும். கண்ணை எடுக்கவே மாட்டாள். தண்ணீர் பால் போலப் பொங்கிச் சேறாக ஓடும். தூசி... மருந்துக்குக்கூட இல்லை.

கூலியை மிச்சம் பிடிக்க மனைவியையே சித்தாள் ஆக்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆண்கள்!

டீ கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் பேச்சு வந்தது.

"நான் ஷூ கம்பெனில இருந்தேன்க்கா. தையல் லைன்ல. சூப்பர்வைசர் ஆக்கறேன்னு கூட சொன்னாங்க. விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் கலா.

"ஏன்?"

"இவருக்குத் தண்ணி ஊத்த."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

சேகர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பெங்களூரில் பெரிய பெரிய கட்டடங்களில் வேலை செய்தவர். அங்கே வெட்டுவதெல்லாம் காய்ந்த வெட்டு. தண்ணீர் ஊற்றினால் வேலை தாமதமாகும், சேறாகும், யார் கழுவுவது? "சாயங்காலம் ரூமுக்கு வந்தா மாவு மில்லுல இருந்து வர்ற மாதிரி இருப்பாரு. தலை, புருவம், மூக்குக்குள்ள... எல்லாம் வெள்ளை. போட்டோ புடிச்சு அனுப்புவாரு. நாங்க பாத்துப் பாத்து சிரிப்போம்க்கா" என்றாள்.

அப்புறம் இருமல் வந்தது. முதலில் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்தும் இருமல் போகவில்லை. வேலூருக்குப் போனார்கள். நுரையீரலில் கல் தூசி படிந்திருக்கிறது, இனிமேல் தூசி வேலைக்கே போகாதே என்று சொல்லி அனுப்பினார்கள்.

போகாதே என்பது சுலபம். வேறு எங்கே போவது? வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பனியில் இருமல் ஜாஸ்தியாகி அதையும் விட்டார். கடைசியில் மறுபடியும் மெஷினையே தூக்கினார்.

"தூசி வராம வெட்டணும்னா தண்ணி ஊத்தணும். ஆள் வெச்சோம். அவனுங்க போனப் பாத்துனே ஊத்துவானுங்க. தண்ணி ஒரு பக்கம் போவும், பிளேடு ஒரு பக்கம் போவும். குப்புன்னு கெளம்பும். பாத்தேன். நானே வந்துட்டேன்" என்றாள் கலா.

"பாஜி சொன்னாங்க, நீ சண்டை போடுவன்னு" என்றேன்.

சேகர்தான் பதில் சொன்னார். "ஒரு வீட்ல ஹால்ல வெட்டறோம் மேடம். புது பெயின்ட்டு, தண்ணி ஊத்தாதன்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க. சரி, ஒரே ஒரு பீஸுதானேன்னு நான் மெஷின் போட்டேன். இவ போயி வயரையே புடுங்கிட்டா. ஓனரம்மா ஆடிப்போய்ட்டாங்க."

"பெயின்ட்டு திரும்ப அடிச்சுக்கலாம் இல்லக்கா?" என்றாள் கலா. அவ்வளவுதான் அவள் போட்ட சண்டை.

மாடியில் தேங்கிய தண்ணீரில் அவள் ரப்பர் செருப்போடு நிற்பதை என் கணவர் கவனித்துக்கொண்டே இருந்தார். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரையும் வயரையும் ஒரே இடத்தில் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஷாக் அடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

"அது அப்பப்ப அடிக்கும் சார்."

அப்பப்ப அடிக்கும்! கொசு கடிக்கும் என்பது போலச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். லீக்கேஜ் வந்தால் தானாக லைனை வெட்டுகிற டிரிப் சுவிட்ச் ஒன்று. மீன் தொட்டிக்குப் போடுகிற மெல்லிய டியூப். சின்னதாக ஒரு குழாய். மறுநாள் காலையில் கைப்பிடிச் சுவரின் மேல் தண்ணீர் கேனை ஏற்றி, அதில் குழாயைப் பொருத்தி, டியூபை மெஷின்மேல் கட்டி, முனையைப் பிளேடின் மேல் விழுகிற மாதிரி வளைத்துவிட்டார். குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். கையே வைக்க வேண்டாம்.

முதலில் கேனில் எங்கள் போர் தண்ணீரைத்தான் ஊற்றினோம். எங்கள் ஊர்ப் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சோப்பு போட்டால் நுரைக்காது, பக்கெட்டில் வைத்தால் உப்புப் படியும். மத்தியானத்துக்குள் டியூப் முனை அடைத்துக்கொண்டது. அப்புறம் குடிக்க வாங்கிய கேன் தண்ணீரையே கொடுத்தோம்.

நஸீமா பாஜி தன் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அல்லா! நாம போர் தண்ணில குளிக்கறோம், மெஷினுக்கு கேன் தண்ணியா?" என்றார்.

கலா அன்றைக்குத்தான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "மெஷினுக்கு குளுக்கோஸ் ஏத்தறாரு பாஜி!"

சொன்னால் நம்பமாட்டீர்கள்... தண்ணீர் இம்மி பிசகாமல் விழுந்தது. டைல் ஓரம் சில்லு பெயராமல் வெண்ணெய் மாதிரி அறுபட்டது. கலாவுக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரே வழக்கம்போல் குந்தி உட்கார்ந்துகொண்டாள். கையில் பாட்டில் இல்லை. ஆனாலும் மெஷின் நகர நகர அந்த வெறும் கையும் கூடவே நகர்ந்தது.

"ஏய், போயி டீ குடி" என்றார் சேகர்.

போனாள். நிழலில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு டீயை சூடாகவே குடித்தாள். பிறகு என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார் இந்த ட்யூபு செட்ட எங்களுக்கே குடுப்பாராக்கா? குடுத்தா... நான் மறுபடி கம்பெனிக்குப் போவலாம்."

எங்கள் வீட்டில் அன்று எல்லோருக்கும் சந்தோஷம். என் கணவர் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார். ஒரு பழைய கேனும் ஒரு முழம் டியூபும் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடும் என்று நானும் நம்பினேன். நம்புவதற்கு எவ்வளவு ஆசை நமக்கு!

பாத்ரூம் முடிகிற நேரத்தில் சேகருக்கு ஆஸ்பத்திரியில் செக்-அப் வந்தது. "நீங்களும் வாங்கக்கா. இங்லீஷ்ல பேசிக்குவாங்க. எனக்குப் பாதிதான் புரியும்" என்று கலா கூப்பிட்டாள். போனேன். அவளுக்குப் பயம் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. தூசியே படாமல் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டவள். நல்ல மார்க் வரும் என்று தெரிந்து ரிசல்ட் பார்க்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பழைய படத்தையும் புதிய படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியாது... ஆனால் தெரிந்தது. பழையதில் புள்ளி புள்ளியாக இருந்தது, புதியதில் திட்டுத் திட்டாகச் சேர்ந்திருந்தது.

"ஜாஸ்தியாகியிருக்கு" என்றார் டாக்டர்.

கலா படத்தைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்.

"நான் சரியா ஊத்தலையா டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. "என்ன ஊத்துனீங்க?" என்றார். நான் சொன்னேன். கம்பெனி வேலையை விட்டது, பாட்டில், மூடியில் ஓட்டை... சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் நாற்காலியை கலாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. இது பழைய தூசி. உள்ள போனது திரும்ப வராது. புதுசா ஒரு துளி தூசி போகலைன்னாகூட, பழசு உள்ள இருந்து வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இந்த நோய் அப்படித்தான். நீங்க ஊத்தாம இருந்திருந்தா இன்னும் சீக்கிரமே..."

அதோடு நிறுத்திவிட்டார். நிறுத்தியிருக்க வேண்டாம். அல்லது ஆரம்பித்திருக்கவே வேண்டாம்.

"இனி வேலை வேண்டாம். எந்த வேலையும்" என்று மட்டும் சேகரிடம் சொன்னார். மருந்து எழுதினார். மருந்து இருமலுக்கு. நோய்க்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

காரிடாரில் கலா என் கையைப் பிடித்தாள். "இன்னும் சீக்கிரம்னா... இன்னாக்கா சீக்கிரம்?"

மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். வாராவாரம் பக்கம் நிரப்புகிறவள் நான்.

ஆம்பூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட். ஜன்னலோரம் சேகர், நடுவில் கலா, இந்தப் பக்கம் நான். பஸ் கிளம்பியதும் கலா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்... என்னிடமா, தனக்குத்தானேவா தெரியாது.

"அந்த மளிகைக்கடை மாடில ஒரு நாள் பாட்டில் பாதில தீந்துபோச்சு. இன்னொரு வீட்ல எங்க அம்மா போன் பண்ணாங்க, ஹலோன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன், ஆனா கண்ணு அந்தப் பக்கம் போச்சு. மழைக்காலத்துல கை வெறைச்சுப் போயி..."

"கலா, டாக்டர்தான் சொன்னாங்களே, பழைய தூசின்னு."

"டாக்டரா கூட இருந்தாங்க? நான்தானேக்கா கூட இருந்தேன்."

விரிஞ்சிபுரம் தாண்டுகிற வரை அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு தும்மலாக, கண் சிமிட்டியதை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள்.

சேகர் திரும்பினார். "கலா. ஒன்னு சொல்றேன், கத்தாத."

அவள் பார்த்தாள்.

"நீ தண்ணி புடிக்கக் கீழ போவ இல்ல... அப்பல்லாம் நான் காயவே வெட்டுவேன். வேணும்னுதான். வேலை சீக்கிரம் ஆவட்டும்னு. சில நாளு வேணும்னே உன்ன அனுப்பிட்டு வெட்டியிருக்கேன். எல்லா வீட்லயும். தப்பு உன்னுது இல்ல. என்னுது."

மடியில் இருந்த எக்ஸ்ரே கவராலேயே அவரை அடித்தாள். தோளில், கையில், மாறி மாறி. "பாவி! பாவி! நான் கம்பெனிய விட்டுட்டு வந்து..." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "இன்னாம்மா இது?" என்று எழுந்து வந்தார். சேகர் தடுக்கவே இல்லை. வாங்கிக்கொண்டார். ஆம்பூர் வரும் வரை அவள் முகத்தை என் பக்கமே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். சேகருக்கு வேகமாக நடக்க வராது. நானும் அவர்கூட மெதுவாக நடந்தேன். எனக்குக் கோபம்தான். கேட்டும்விட்டேன். "ஏன் சேகர் அப்படிச் செஞ்சீங்க?"

"செய்யல மேடம். பொய்யி. அவ கீழ போனா மெஷின ஆஃப் பண்ணிட்டு உக்காந்துடுவேன். அவ மேல சத்தியம்."

"அப்புறம் ஏன்...?"

நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "என் மேல கோவம்னா சோறாவது சாப்பிடுவா. அவ மேலயே கோவம்னா இன்னா மேடம் பண்றது?"

மீதி வேலைக்கு வேறு ஒரு மேஸ்திரி வந்தார். சமையலறை கிரானைட் பாக்கி இருந்ததே. வாட்டசாட்டமான ஆள். கேனையும் டியூபையும் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் எதுக்கு சார்? லேட் ஆவும்." என் கணவர் விடவில்லை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சேகரைப் பற்றி எல்லாம் சொன்னார். மேஸ்திரி 'உச்' கொட்டினார். குழாயைத் திறந்து ஒழுங்காகத்தான் வெட்டினார்... என் கணவர் சாப்பிடக் கீழே இறங்குகிற வரை. திரும்பி மாடிக்குப் போனால் தொட்டியில் இருந்த செம்பருத்திச் செடி வெள்ளையாக நின்றது.

"எனக்கு ஒன்னும் ஆவாது சார், நான் டெய்லி ஜிம்முக்குப் போறவன்" என்றாராம்.

என் கணவர் டியூபைச் சுருட்டி எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் சேகர் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரே அறை. சேகர் கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். சட்டை இன்னும் பெரியதாகியிருந்தது. கலா மறுபடி ஷூ கம்பெனிக்குப் போகிறாள். நான் கிளம்பும்போது கம்பெனி வேனிலிருந்து இறங்கியவள், வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடாமல் அங்கேயே நின்றாள்.

"அன்னிக்கு பஸ்ல அவர் சொன்னது பொய்யிக்கா" என்றாள், மெதுவாக.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தண்ணி புடிக்க இறங்கினா மேல மெஷின் சத்தம் நின்னுடும். எல்லா வீட்லயும். நான் திரும்ப மேல போற வரைக்கும் சத்தமே வராது. அவ்ளோ சத்தம் போடற மெஷினு... நின்னா எனக்குக் கேக்காதா?"

"அப்ப உன் மேலயும் தப்பு இல்லதானே கலா? அவரும் வெட்டல. நீயும் விடல."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க. கோவமா இருக்கற மாதிரியேதான் இருக்கேன். நான் திட்டினா அவரு கொஞ்சம் தூங்கறாரு."

உள்ளேயிருந்து இருமல் சத்தம். அது அடங்கியதும், "கலா..." என்று மெல்லிய குரல்.

"வர்றேன் இரு! வந்ததும் வராததுமா உயிர எடுக்காத!" என்று கத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு வழியாகப் பார்த்தேன். சேகர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஜெயித்துவிட்ட மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு புதுக் கட்டடத்தைத் தாண்டி வந்தேன். மேல் மாடியில் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெள்ளைப் புகை. கீழே நின்று குரல் கொடுத்துப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் டைல்ஸ் வேலை நடக்கும். தண்ணீர் ஊற்றித்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் நாளே சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். சுவரெல்லாம் சேறாகும்.

ஆகட்டுமே... சேற்றைக் கழுவிவிடலாம்.